இறகுத் தூண்டில்

ஆறும் குளமும் நிறைந்த நாட்டில் மீன் பிடித்தல் மிகத் தொன்மையான தொழிலாகும். வலை வீசுதல், ஊத்தாக் கூடையைக் கவிழ்த்தல், தூண்டில் இடுதல் எனப் பல முறைகளை நம் முன்னோர் கையாண்டனர். பாண்டிய மன்னர் கயலைத் தம் கொடியில் பொறித்துக் கொண்டனர். இன்றும் கொங்கு நாட்டின் குளக்கரைகளில் மாலை வேளையில் சென்று பார்த்தால், மூங்கிற்கோலும் நரம்பும் தக்கையும் தாங்கி, இமை கொட்டாது நீரை நோக்கி அமர்ந்திருப்போரைக் காணலாம். முள்ளிலே மண்புழுவைக் கோத்து இட்டுவிட்டு, தக்கை அமிழும் நொடிக்காக அவர்கள் காத்திருப்பார்கள்.

இத் தூண்டிலுக்கு உறவினதாய், ஆயினும் வேறுபட்ட முறையினதாய், மற்றொரு தூண்டில் உண்டு. அதில் புழு இல்லை, தக்கை இல்லை, ஈயக்குண்டும் இல்லை. இறகாலும் நூலாலும் செய்த போலிப் பூச்சி ஒன்றே அதன் இரை. அதனை இறகுத் தூண்டில் என்று நாம் அழைக்கலாம். வால்பாறைக்கு மேலே, அக்காமலைப் புல்வெளியில் ஓடும் கோணலாற்றின் கரையில், மீன்பிடிக் குடில் என்னும் பெயருடன் ஒரு சிறு வீடு உண்டு. தேயிலைத் தோட்டங்களை நடத்திய ஆங்கிலேயர் இறகுத் தூண்டில் வீசும் பொழுதுபோக்கை நாடிச் சென்ற இடம் அது. அக்கலை எத்தகையது, அது நம் மலைநீர்களுக்கு எவ்வாறு வந்தது, நமக்கு அது கற்பிப்பது யாது என்பவற்றை இப்பாடத்தில் காண்போம்.

இறகுத் தூண்டில் புதியதன்று. ஏறத்தாழ 1,800 ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த ஈலியன் என்னும் உரோமானிய எழுத்தாளர் இதைப் பற்றி எழுதியுள்ளார். மாசிடோனியா நாட்டில் ஓர் ஆற்றின் மீன்கள், நீர்மேல் பறக்கும் ஒருவகைப் பூச்சியை விரும்பி உண்டன. அப்பூச்சியைப் பிடித்து முள்ளில் கோத்தால் அதன் நிறமும் சிறகும் கெட்டுவிடும்; மீன் அதனைத் தீண்டாது. ஆகவே அந்நாட்டு மீனவர் முள்ளைச் சுற்றிச் சிவந்த கம்பளி நூலைக் கட்டி, அதன்மேல் சேவலின் கழுத்திறகு இரண்டைப் பொருத்தினர். மீன் ஏமாந்தது. பூச்சியைப் பற்றிய நுண்ணறிவிலிருந்தே இக்கலை பிறந்தது என்பதை இச்செய்தி தெளிவாக்குகின்றது.

சாதாரணத் தூண்டிலில் ஈயக்குண்டின் எடையே நரம்பைத் தொலைவிற்கு இழுத்துச் செல்கின்றது. கல்லைக் கயிற்றில் கட்டி எறிந்தால் கயிறு கல்லைப் பின்தொடர்வது போன்றது அது. இறகுப் பூச்சிக்கோ எடையே இல்லை. இறகொன்றைக் கையால் எறிந்து பாருங்கள். அது காலடியிலேயே விழும். அவ்வாறாயின் எடையற்ற பூச்சியைப் பத்துப் பதினைந்து மீட்டர் தொலைவிற்குச் செலுத்துவது எங்ஙனம்?

இவ்வினாவிற்குரிய விடை மிகவும் அழகியது. இங்கே எடை, நரம்பிலேயே அமைந்துள்ளது. தடித்த, வழவழப்பான வீச்சுக் கயிறு ஒன்று கோலின் நுனியிலிருந்து நீளுகின்றது. கோலைப் பின்னோக்கி வீசினால் கயிறு காற்றில் வளைந்து பின்புறம் விரிகின்றது. அது முழுதும் விரியும்வரை ஒரு கணம் பொறுக்க வேண்டும். அப்பொழுது கயிற்றின் எடை கோலை வில்லைப் போல் வளைக்கின்றது. உடனே கோலை முன்னோக்கி வீசி, சட்டென நிறுத்தினால், வளைந்த கோல் நிமிர்ந்து தன் ஆற்றலைக் கயிற்றிற்குத் தருகின்றது. கயிறு சுருள் அவிழ்வது போல் முன்னே உருண்டு செல்கின்றது. அதன் முடிவில், கண்ணுக்குப் புலப்படாத மெல்லிய நரம்பின் நுனியில், போலிப் பூச்சி உண்மைப் பூச்சி போலவே மென்மையாக நீரில் இறங்குகின்றது. மாடு மேய்ப்போர் சாட்டையைச் சொடுக்குவதைக் கண்டவர் இதனை எளிதில் உணர்வர். ஆயினும் சாட்டையைப் போல் ஒலி எழுந்தால் வீச்சுத் தவறியது என்று பொருள். இங்கே வலிமையைவிடப் பொறுமையே பெரிது.

கோலின் வரலாற்றிலும் நம் நாட்டிற்கு ஓர் இடம் உண்டு. 19ஆம் நூற்றாண்டில் அமெரிக்கக் கைவினைஞர் மூங்கிலை நீளவாட்டில் கீற்றுகளாகப் பிளந்து, அவற்றை ஒட்டி, வலிய கோல்களைச் செய்யத் தொடங்கினர். அதற்கு அவர்கள் முதலில் பயன்படுத்தியது, கல்கத்தா மூங்கில் என்று பெயர்பெற்ற இந்திய மூங்கிலே. பின்னர்ச் சீன மூங்கிலும், அதன் பின்னர்க் கண்ணாடி இழையும் கரி இழையும் அவ்விடத்தைப் பெற்றன.

இறகின் கதை இதனினும் நெருக்கமானது. ஆனைமலைக் காடுகளில் விடியற்காலையில் கூவும் சாம்பல் காட்டுக்கோழியின் கழுத்திறகில், மெழுகு வார்த்தாற் போன்ற வெண்மையும் மஞ்சளும் கலந்த பொட்டுகள் மின்னும். நீரில் நனைந்தாலும் அவற்றின் ஒளி குன்றாது. ஆகவே போலிப் பூச்சி கட்டுவோர் உலகெங்கும் அவ்விறகை விரும்பினர். அவ்விருப்பத்தால் தென்னிந்தியக் காடுகளில் சேவல்கள் பெருவாரியாகக் கொல்லப்பட்டன. இன்று 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் அப்பறவையைக் காக்கின்றது. காட்டுக்கோழியின் அழகே அதற்குப் பகையாயிற்று. ஒரு விளையாட்டு எத்தனை இன்பம் தருவதாயினும், அதற்குரிய விலையை வேறோர் உயிர் செலுத்தக்கூடும் என்பதற்கு இது முதற்சான்று.

இனி, நீருக்குள் இருக்கும் மீனின் நிலையை நோக்குவோம். நீரின் அடியிலிருந்து மேல்நோக்கும் மீனுக்கு உலகம் எவ்வாறு தோன்றும்? ஒளி காற்றிலிருந்து நீருக்குள் புகும்போது வளைகின்றது என்று அறிவியல் பாடத்தில் படித்திருப்பீர்கள். அவ்வளைவின் காரணமாக, வெளியுலகம் முழுவதும் மீனின் தலைக்கு நேர்மேலே ஒரு வட்டப் பலகணியில் அடங்கிவிடுகின்றது. மீன் ஒரு மீட்டர் ஆழத்தில் இருந்தால் அவ்வட்டத்தின் குறுக்களவு ஏறத்தாழ இரண்டே கால் மீட்டர். வட்டத்திற்கு வெளியே நீரின் மேற்பரப்பு கண்ணாடி போல் நீரடியையே எதிரொளிக்கும். கரையில் நிமிர்ந்து நிற்பவர் அப்பலகணியின் ஓரத்தில் மீனுக்குத் தோன்றுவர். குனிந்து தாழ்ந்து நிற்பவர் தோன்றார். ஆதலின் தேர்ந்த தூண்டிற்காரர் தம் நிழல் நீரில் விழாதவாறு, புதரோரம் பதுங்கி, மீனின் பின்புறமிருந்தே அணுகுவர்.

மீனுக்குக் காதுமடல் இல்லை. ஆயினும் அது செவிடன்று. அதன் விலாவில் தலைமுதல் வால்வரை ஓடும் புள்ளிக்கோடு ஒன்று உண்டு. நீரில் எழும் சிற்றதிர்வையும் அக்கோடு உணரும். கெண்டை இனத்து மீன்களுக்கோ மற்றுமொரு வசதி வாய்த்துள்ளது. அவற்றின் காற்றுப்பையிலிருந்து உட்செவிக்கு ஒலி அதிர்வைக் கொண்டு செல்லும் சிற்றெலும்புத் தொடர் ஒன்று அமைந்திருக்கின்றது. கரையில் ஒருவர் தடதடவென நடந்தால் கெண்டைகள் சிதறி ஓடுவதன் காரணம் இதுவே.

மீன் எதனை உண்கின்றது என்பதே இக்கலையின் உயிர்நிலை. மலையோடைகளில் கற்களைப் புரட்டிப் பார்த்தால், அடியில் ஒட்டிக்கொண்டிருக்கும் சிறு பூச்சிக் குஞ்சுகளைக் காணலாம். பல மாதங்கள் நீருக்குள் வாழும் சில பூச்சிகள், ஒரு மாலைப்பொழுதில் மேலெழுந்து, தோலுரித்து, சிறகு விரித்துப் பறந்து, துணை தேடி, முட்டையிட்டு, ஓரிரு நாட்களில் மடிந்துவிடும். அப்பூச்சிகள் எழும் வேளையில் மீன்கள் மேற்பரப்பிற்கு வந்து அவற்றை விழுங்கும். கோடைமழைக்குப் பின் நம் ஊர்களில் ஈசல் பறப்பதைப் பார்த்திருப்பீர்கள். சிறகுதிர்ந்த ஈசல்கள் குளத்தில் விழும்போது மீன்கள் துள்ளித் துள்ளி அவற்றைக் கவ்வும். ஆற்றோர அத்திமரத்தின் பழம் நீரில் விழும் ஓசைக்காகவே அடியில் காத்திருக்கும் கெண்டைகளும் உண்டு.

இவற்றுக்கேற்பப் போலிப் பூச்சிகளும் பலவகைப்படும். மேற்பரப்பில் மிதப்பது ஒருவகை. அதன் சேவலிறகு இழைகள் நீரின் மேற்பரப்பு விசையின்மேல் ஊன்றி நிற்கும். நீருக்குள் அமிழ்ந்து, பூச்சிக்குஞ்சு போல் உருண்டு செல்வது மற்றொரு வகை. சிறுமீன் வடிவில் பளபளப்பாகக் கட்டப்படுவது மூன்றாவது வகை. எந்நாளில், எவ்விடத்தில், எப்பூச்சி எழுகின்றது என்று அறியாதவன் நூறு போலிப் பூச்சிகளை வைத்திருந்தும் பயனில்லை. அறிந்தவனுக்கு ஒன்றே போதும்.

எல்லா மீனும் எல்லா நீரிலும் வாழ்வதில்லை. மீன் நீரில் கரைந்துள்ள உயிர்வளியைச் செவுள்களால் பெறுகின்றது. குளிர்ந்த நீரில் உயிர்வளி மிகுதியாகக் கரையும். வெப்பம் ஏற ஏறக் குறையும். 10 பாகை செல்சியஸ் வெப்பமுள்ள ஒரு லிட்டர் தூயநீரில் சுமார் 11 மில்லிகிராம் உயிர்வளி கரையும். 30 பாகையில் ஏழரை மில்லிகிராமே கரையும். டிரவுட் என்னும் மீனுக்கு உயிர்வளி மிகுதியும் வேண்டும். ஆகவே அது குளிரோடையை விட்டு இறங்காது. கெண்டையோ வெதுவெதுப்பான, சற்றே கலங்கிய நீரிலும் நலமாக வாழும்.

இவ்வுண்மையைக் கொங்கு நாட்டின் நில அமைப்பில் நேரில் காணலாம். ஆழியாற்றிலிருந்து 40 கொண்டையூசி வளைவுகளை ஏறினால் ஏறத்தாழ 1,100 மீட்டர் உயரத்திலுள்ள வால்பாறையை அடையலாம். அதற்கும் மேலே, 2,000 மீட்டரையும் கடந்த உயரத்தில், வரையாடுகள் மேயும் புல்வெளிகள் உள்ளன. அங்குள்ள ஓடைகளே டிரவுட்டுக்கு ஏற்றவை. அடிவாரத்திலுள்ள ஆழியாறு, திருமூர்த்தி, அமராவதி நீர்த்தேக்கங்கள் கெண்டை இனங்களுக்கு ஏற்றவை. ஒரே மலையின் உச்சியும் அடியும் மீனுக்கு இருவேறு நாடுகளாகும்.

டிரவுட் நம் நாட்டு மீனன்று. வானவில் டிரவுட்டின் தாயகம் பசிபிக் கடலில் கலக்கும் வடஅமெரிக்க ஆறுகளும், அக்கடலின் மறுகரையிலுள்ள கம்சாத்காவும் ஆகும். இந்திய மீன்களைப் பற்றிப் பெருநூல் எழுதிய மருத்துவர் பிரான்சிஸ் டே, 1860களில் டிரவுட்டை நீலகிரிக்குக் கொண்டுவர முயன்றார், வெற்றி பெறவில்லை. வெப்பநாட்டுக் கடல்வழியில் முட்டைகளை உயிருடன் காப்பது அக்காலத்தில் அத்துணை அரிதாக இருந்தது. பின்னர்ச் சென்னை மாகாண அரசின் மீன்வள அலுவலரான எச். சி. வில்சன் 1907ஆம் ஆண்டையொட்டி அவலாஞ்சியில் பொரிப்பகம் அமைத்து, வானவில் டிரவுட்டை நீலகிரி ஓடைகளில் நிலைபெறச் செய்தார். நீலகிரியில் வேரூன்றிய இவ்விருப்பம் மூணாற்று மலைகளிலும் ஆனைமலைப் புல்வெளிகளிலும் பரவியது.

டிரவுட்டைத் தேடியவர்கள் தம் தாய்நாட்டு ஓடைகளை நினைந்தே தேடினார்கள். ஆனால் நம் ஆறுகளிலேயே அதனினும் பெரிய வீரமீன் ஒன்று வாழ்ந்துகொண்டிருந்தது. அதுவே மகசீர். பழைய மீன் நூல்கள் அதற்குத் தமிழில் பூமீன் கெண்டை என்ற பெயரைக் குறிக்கின்றன. அது கெண்டைக் குடும்பத்தின் பெருமகன். அதன் செதில்கள் அகன்றவை, உதடுகள் தடித்தவை. தாடையில் பல் இல்லை. ஆனால் தொண்டையிலுள்ள பற்கள் நத்தையோட்டையும் நொறுக்கவல்லவை. விரைந்தோடும் நீரில் எதிர்த்து நீந்தும் ஆற்றலில் அதற்கு நிகரானவை சிலவே.

சென்னை மாகாணத்தில் ஆட்சிப்பணி புரிந்த ஹென்றி சலிவன் தாமஸ் என்பவர் இந்நீர்களின் மீன்களை ஊன்றிக் கவனித்து, இந்தியத் தூண்டிலைப் பற்றி 1873இல் ஒரு நூலும், குளத்துத் தூண்டிலைப் பற்றி 1887இல் மற்றொரு நூலும் வெளியிட்டார். மகசீரையும் பிற கெண்டைகளையும் போலிப் பூச்சியால் பிடிக்கலாம் என்று அவர் விளக்கினார். கெண்டையைப் பிடிப்பது டிரவுட்டைப் பிடிப்பதினும் கடினம். கெண்டை ஐயமனம் உடையது. இரையை முகர்ந்து, வாயில் வாங்கி, பிடிக்கவில்லையெனில் உமிழ்ந்துவிடும். அந்தக் கணத்தைக் கண்டு கோலை உயர்த்துவதே திறமை.

1946ஆம் ஆண்டு, காவிரியின் கிளையான கபினியாற்றில், வான் இங்கன் என்பவர் 120 பவுண்டு, அதாவது 54 கிலோகிராமுக்கும் மேற்பட்ட மகசீர் ஒன்றைத் தூண்டிலில் பிடித்தார். முதுகு திமில் போல் உயர்ந்த அவ்வகை மீன், காவிரியிலும் அதன் கிளைகளிலும் மட்டுமே உள்ளது; உலகில் வேறெங்கும் இல்லை. ஆனால் வியப்பைக் கேளுங்கள். இத்துணைப் பெரிய மீனுக்கு நெடுங்காலம் உறுதியான அறிவியற் பெயரே இல்லை. ஆனைமலையின் தென்பால் தோன்றி அமராவதியில் கலக்கும் பாம்பாற்றிலிருந்து ஒரு மகசீர் இனம் 2007இல் விளக்கப்பட்டு, சென்னையைச் சேர்ந்த மீனியல் அறிஞர் ரேமாதேவியின் பெயரால் வழங்கப்பட்டது. கோவைப் பாரதியார் பல்கலைக்கழக ஆய்வாளரும் பங்குகொண்ட ஒரு குழு, மோயாற்று மீன்களை ஆராய்ந்து, திமில் மகசீரும் பாம்பாற்று மீனும் ஒன்றே என்று 2018இல் நிறுவியது. அதே ஆண்டில் அம்மீன், அழிவின் விளிம்பிலுள்ள உயிர்களின் உலகப் பட்டியலில் சேர்க்கப்பட்டது. பெயர் உறுதியான ஆண்டிலேயே அதன் அழிவும் அறிவிக்கப்பட்டது என்பது எத்துணைத் துயரம்!

இந்நிலை ஏன் வந்தது? அணைகள் மீனின் வழியை மறித்தன. மழைக்காலத்தில் மகசீர் மேலாற்றுக்குச் சென்று முட்டையிடும் இயல்பினது. வழி அடைபட்டால் இனம் பெருகாது. மணல் அள்ளுதலும், கழிவுநீரும், வெடி வைத்து மீன் பிடிக்கும் கொடுமையும் சேர்ந்துகொண்டன. வெடி வைத்தலும் நீரில் நஞ்சு கலத்தலும் 1897ஆம் ஆண்டின் இந்திய மீன்வளச் சட்டத்தாலேயே தடுக்கப்பட்டவை. ஒரு வெடி, பெருமீனை மட்டும் கொல்லாது. குஞ்சையும் முட்டையையும் பூச்சியையும் ஒருசேர அழிக்கும்.

இவற்றோடு மற்றுமொரு காரணமும் உண்டு. அது நல்லெண்ணத்தால் விளைந்தது. காவிரியில் மகசீர் குறைவதைக் கண்டோர், 20ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், மராட்டியப் பகுதியின் லோனாவ்லாப் பொரிப்பகத்தில் வளர்த்த நீலத்துடுப்பு மகசீர்க் குஞ்சுகளை ஆற்றில் விட்டனர். அவை செழித்துப் பெருகின. மகசீர் மீண்டது என்று மக்கள் மகிழ்ந்தனர். ஆனால் பெருகியது விருந்தினரே. வீட்டுக்குரிய திமில் மகசீரோ குறைந்துகொண்டே வந்தது. இரண்டும் மகசீர் என்ற ஒரே பெயரால் வழங்கியமையின் இழப்பு எளிதில் கண்ணுக்குப் படவில்லை.

இத்தகைய நிகழ்ச்சி நம் நாட்டிற்கு மட்டும் உரியதன்று. அமெரிக்காவில் சூரியமீன் என்றொரு குடும்பம் உண்டு. அவற்றுள் நீலச்செவுள் மீன் என்பது உள்ளங்கையளவே உள்ளது; குளங்களில் வட்டமாகக் கூடு தோண்டி முட்டையைக் காக்கும். போலிப் பூச்சியைத் தயங்காது கவ்வுவதால், அந்நாட்டுச் சிறுவர் பலரும் இறகுத் தூண்டிலை முதலில் அதனிடமே கற்கின்றனர். அங்கே அது இனிய தோழன். 1960இல் ஜப்பானிய இளவரசர் அகிஹிட்டோ அமெரிக்கா சென்றபோது, சிகாகோ நகரத் தலைவர் அம்மீன்களை அவருக்குப் பரிசாக அளித்தார். இளவரசர் மீனியல் ஆய்வாளர். உணவுக்குப் பயன்படும் என்று கருதி அவற்றை ஆய்வு நிலையத்திடம் ஒப்படைத்தார். பிற்காலத்தில் அவை ஏரிகளில் பரவி, அந்நாட்டுக்குரிய சிறுமீன்களை அழித்தன. பேரரசரான பின், 2007இல், பீவா ஏரிப் பகுதியில் நடந்த ஒரு விழாவில், தாம் கொண்டுவந்த மீனால் நேர்ந்த தீங்கிற்கு மனம் வருந்துவதாக அவர் வெளிப்படையாகக் கூறினார். பேரரசராயினும் தம் செயலின் விளைவை மறையாது உரைத்த அப்பண்பு போற்றத்தக்கது.

நம் அமராவதி நீர்த்தேக்கத்திலும் அத்தகைய விருந்தினர் உண்டு. மக்கள் ஜிலேபிக் கெண்டை என்று அழைக்கும் திலேப்பியா, உண்மையில் கெண்டையன்று. 1952இல் இந்தியாவிற்குக் கொண்டுவரப்பட்ட ஆப்பிரிக்க மீன். தாய்மீன் முட்டைகளை வாயிலேயே அடைகாப்பதால் அது விரைந்து பெருகும். 1939இல் இலங்கையிலிருந்து நீலகிரிக்கு வந்த சாதாக் கெண்டையும் வெளிநாட்டதே; சேற்றைக் கிளறி இரை தேடும் அதன் வழக்கம் தெளிநீரைக் கலக்கிவிடும். கட்லாவும் ரோகுவும் கங்கைச் சமவெளியிலிருந்து வந்தவை. இவை நமக்கு மலிவான உணவைத் தருகின்றன; பலருடைய பிழைப்பும் இவற்றால் நடக்கின்றது. ஆகவே இவற்றை வெறுப்பது அறிவாகாது. வளர்ப்பதற்குரிய குளத்தில் இவற்றை வளர்க்கலாம். காட்டாற்றில் கொண்டுபோய் விடுவதே தவறு.

காட்டாற்றின் மீன்களோ ஒவ்வோர் ஆற்றுக்கும் தனித்தனியானவை. வால்பாறையைத் தழுவியோடும் சோலையாற்றின் நீர் மேற்கே சாலக்குடியாற்றில் கலந்து அரபிக்கடலை அடைகின்றது. அமராவதியின் நீரோ கிழக்கே காவிரியில் கலந்து வங்கக்கடலை நாடுகின்றது. இடையே நிற்பது ஒரு மலைத்தொடரே. ஆயினும் சாலக்குடியாற்றின் பெயரையே தாங்கிய ஓர் அழகிய சிறுகெண்டை கிழக்குநோக்கிய ஆறுகளில் இல்லை. திமில் மகசீர் மேற்குநோக்கிய ஆறுகளில் இல்லை. பல்லாயிரம் தலைமுறைகளாக மலை பிரித்து வைத்ததை, ஒரு வாளியில் மீனை ஏந்திச் செல்லும் மனிதன் ஒரே நாளில் கலந்துவிடலாம். கலந்ததை மீண்டும் பிரிக்க எவராலும் இயலாது.

இன்று இறகுத் தூண்டில் வீசுவோர் பலர், பிடித்த மீனை மீண்டும் நீரிலேயே விடுகின்றனர். அதற்கு முறை உண்டு. முள்ளில் எதிர்க்கொக்கி இருத்தல் கூடாது. மீனைத் தொடுமுன் கையை நனைத்துக்கொள்ள வேண்டும். உலர்ந்த கை, மீனைக் கிருமிகளிடமிருந்து காக்கும் வழவழப்புப் படலத்தை உரித்துவிடும். மீனை நெடுநேரம் நீருக்கு வெளியே வைத்தல் ஆகாது. ஆனைமலை 2007இல் புலிகள் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. அதன் ஓடைகளில் வனத்துறையின் இசைவின்றிப் புகுதலும் மீன் பிடித்தலும் குற்றமாகும். மேலும் மலையாறுகள் நொடியில் பெருகும் இயல்பின. மேலே பெய்த மழையோ, அணையில் திறந்த நீரோ, முன்னறிவிப்பின்றி வந்து சேரும். வழுக்குப் பாறைகளில் நின்று உயிரிழந்தோர் பலர். எனவே பெரியோர் துணையின்றி மாணவர்கள் ஆற்றில் இறங்குதல் தகாது.

தூண்டில் இல்லாமலே இக்கலையின் சிறந்த பகுதியை நீங்கள் கற்கலாம். உங்கள் ஊர்க் குளத்தின் கரையில் பெரியோருடன் அமைதியாக அமர்ந்து நோக்குங்கள். எந்தப் பூச்சி எப்போது எழுகின்றது, எந்த மீன் எங்கே துள்ளுகின்றது, எம்மரத்தின் பழம் நீரில் விழுகின்றது என்று குறித்து வாருங்கள். ஊர் மீனவரிடம் மீன்களின் பெயர்களைக் கேட்டு எழுதுங்கள். முன்பு கிடைத்து இப்போது கிடைக்காத மீன் எதுவென்றும் கேளுங்கள். வீட்டுக் கண்ணாடித் தொட்டியில் வளர்த்த அயல்நாட்டு மீன் சலித்துப்போனால், அதன்மேல் இரக்கம் கொண்டு ஆற்றில் விட்டுவிடாதீர்கள். அவ்விரக்கம் ஒரு மீனுக்கு வாழ்வாகலாம். ஓர் ஆற்றுக்கே கேடாகலாம்.

இறகுத் தூண்டில் நமக்கு உணர்த்தும் உண்மை ஒன்றே. நீரை அறியாதவன் மீனைப் பெறமாட்டான். நீரை அறிந்தவனோ மீனைப் பெறுவதோடு நில்லாமல், அதனைக் காக்கவும் கடமைப்பட்டவன். அன்பு மட்டும் போதாது. அன்புக்கு அறிவு வழிகாட்ட வேண்டும். பாம்பாற்றின் ஆழ்மடுவில் இன்றும் எஞ்சியிருக்கும் திமில் மகசீர், மழைவெள்ளத்தை எதிர்த்து மேலேறி முட்டையிட வேண்டுமாயின், அதற்குத் தடையற்ற வழியும் தெளிந்த நீரும் வேண்டும். அவ்விரண்டையும் அளிப்பது நம் கையில் உள்ளது.